தொழில்: இல்லத்தரசி

நான் பார்க்கும் வேலைக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. பாடநூல்களில் 'கொள்ளைநோயியல்' என்று இருக்கும். செய்தித்தாள்களில் 'தொற்றுநோயியல்' என்று வரும். 'நோய்ப்பரவலியல்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் 'எபிடமியாலஜிஸ்ட்'. கல்யாண வீடுகளில் அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, "தோல் டாக்டரா? இந்தத் தேமல் என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று கையை நீட்டிய அத்தைகளும் சித்திகளும் நிறைய. அம்மாதான் சுலபமாகச் சொல்லிவிடுவாள்: "அவ ஊசி போடுற டாக்டர் இல்ல. யாருக்கு வந்துச்சு, எங்க வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு கணக்கு எழுதுற டாக்டர்."

அம்மா சொல்வது சரிதான். ஆள், இடம், காலம் என்ற மூன்றையும்தான் இந்தப் படிப்பின் முதல் வகுப்பில் சொல்லித் தருவார்கள். மருத்துவமனை மருத்துவருக்கு முன்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். எனக்கு முன்னால் ஓர் ஊர் இருக்கும். நோய் வந்தவர்களோடு, வராதவர்களையும் நான் தேடிப்போக வேண்டும். ஒரே தெருவில் இவருக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஏன் வரவில்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தால்தான் நோயை நிறுத்த வழி தெரியும்.

இந்தியாவில் 2004 முதல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. துணை சுகாதார நிலையத்திலிருந்து சுகாதாரப் பணியாளர் அனுப்புவது 'எஸ்' படிவம், மருத்துவர் அனுப்புவது 'பி' படிவம், ஆய்வகம் அனுப்புவது 'எல்' படிவம். தாளில் வந்துகொண்டிருந்தவை இப்போது இணையத்தில் வருகின்றன. வழக்கமாக ஓரிருவருக்கு வரும் நோய் ஒரு வாரத்தில் இருபது பேருக்கு வந்திருந்தால் நாங்கள் வண்டியேற வேண்டும். போன இடத்தில் முதல் வேலை, எதை 'நோயாளி' என்று கணக்கில் எடுப்பது என்று வரையறுப்பது. ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால் பேதி, அதற்குக் குறைந்தால் இல்லை என்பதுபோல. அடுத்தது வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பது. 'லைன் லிஸ்ட்' என்போம். பெயர், வயது, பாலினம், தெரு, தொழில், நோய் தொடங்கிய நாள், என்ன சாப்பிட்டார், எந்தத் தண்ணீர் குடித்தார் என்று ஒருவருக்கு ஒரு வரி.

இந்தப் பட்டியலில் என்னை நெடுங்காலமாக உறுத்திக்கொண்டிருப்பது 'தொழில்' என்ற கட்டம்.

ஆண்களின் பெயருக்கு நேரே கொத்தனார், டிரைவர், விவசாயி, மாணவர், வேலையில்லாதவர் என்று விதவிதமாக இருக்கும். பெண்களின் பெயருக்கு நேரே மேலிருந்து கீழ்வரை 'இல்லத்தரசி'. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் 'ஹெச்.டபிள்யூ.' என்று இரண்டெழுத்தில் முடித்துவிடுவார்கள். முதல் பெண்ணுக்கு மட்டும் அதை எழுதிவிட்டு, கீழே உள்ளவர்களுக்கெல்லாம் 'டிட்டோ' போட்ட பட்டியல்களையும் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் தொழிலைக் கேட்பது மரியாதைக்காக அல்ல. ஓர் உடம்பு அன்றாடம் எதைத் தொடுகிறது, எதில் நிற்கிறது, எதை மூச்சில் இழுக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். எலிக்காய்ச்சல் என்றால் தேங்கிய நீரில் வெறுங்காலோடு நின்றவர் யார், மாட்டுக்கொட்டகை கழுவியவர் யார் என்று பார்ப்போம். உண்ணிக்காய்ச்சல் என்றால் புதர்ப் பக்கம் போனவர் யார் என்று பார்ப்போம். ஆட்டுக்குத் தழை ஒடிப்பவள், சுள்ளி பொறுக்குபவள், வீட்டில் கழிப்பறை இல்லாமல் விடியுமுன் புதருக்குள் போகிறவள் எல்லோரும் எங்கள் பட்டியலில் 'இல்லத்தரசி'. வேலூரிலோ தென்காசியிலோ வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பீடி சுற்றிப் புகையிலைத் தூளை மூச்சில் இழுக்கும் பெண்ணும், கேட்டால், "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்பாள். நாமும் அப்படியே எழுதிக்கொள்வோம். அவளுடைய இருமலுக்குக் காரணம் அந்த 'சும்மா'வுக்குள் ஒளிந்துகொள்ளும்.

இனி அந்தச் சொல்லை அதன் பொருளிலேயே எடுத்துக்கொள்வோம். இல்லத்துக்குள் மட்டுமே வேலை செய்யும் பெண்ணுக்கு ஆபத்து இல்லையா? விறகு, வறட்டி, மண்ணெண்ணெய் போன்ற எரிபொருள்களால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசால் 2020இல் உலகம் முழுவதும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தொழிற்சாலைப் புகையை அளக்க எப்போதிருந்தோ கருவிகள் இருந்தன. அடுப்படிப் புகையை அளக்க வேண்டும் என்று தோன்ற 1980கள் வரை ஆனது. அமெரிக்கரான கிர்க் ஸ்மித்தும் இந்திய ஆய்வாளர்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடம்பிலேயே கருவியை மாட்டி அளந்தார்கள். சமையல் ஒரு வேலை, அடுப்படி ஒரு வேலையிடம் என்று பார்த்ததால்தான் அந்த அளவு கிடைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதம், வட மாவட்டமொன்றில் ஒரு கிராமத்துக்கு வாந்தி பேதி விசாரணைக்குப் போனேன். டீக்கடையில் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "அம்மன் கோயில் கூழுதாங்க காரணம்." பஞ்சாயத்து ஆபீசிலும் அதையே சொன்னார்கள். கூழ் குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நோய் இருந்தது. ஆனால் தெருவாரியாகப் பிரித்தபோது ஒரு தெரு தனித்து நின்றது. அந்தத் தெருவிலும் படுத்திருந்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சின்னக் குழந்தைகளும். ஆண்கள் காலையில் டவுனுக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுகிறவர்கள். அங்கே கேன் தண்ணீர்.

மேல்நிலைத் தொட்டியில் குளோரின் சரியாக இருந்தது. டேங்க் ஆபரேட்டர் பதிவேட்டைக் காட்டினார், அதிலும் குறையில்லை. அந்தத் தெருவின் கோடியில் ஒரு வயதான அம்மா என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போய்க் குழாயைக் காட்டினார். தண்ணீர் மேலே ஏறாததால் குழாயை வெட்டி, சுற்றிலும் இடுப்பளவு குழி தோண்டியிருந்தார்கள். பெண்கள் அதற்குள் இறங்கித்தான் குடத்தை வைக்க வேண்டும். முந்தின வார மழைக்குச் சாக்கடை நீரும் அதில் இறங்கியிருந்தது.

"மோட்டார நிறுத்துன உடனே, குழியில நிக்கிற தண்ணிய குழாய் உள்ள இழுக்கும்மா. கொட கொடன்னு சத்தம் கேக்கும். காலையில மொத ரெண்டு குடம் நாறும். நாங்க சொல்லிக்கிட்டேதான் இருக்கோம், யாரு கேக்குறா?"

நீர் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து வெளிநீர் உள்ளே உறிஞ்சப்படுவதை நாங்கள் பாடத்தில் படித்திருக்கிறோம். அவர் காதால் கேட்டிருக்கிறார். அந்தக் குழாயில் பிடித்த தண்ணீரில் குளோரின் துளியும் இல்லை. குழியை மூடி, குழாயை உயர்த்தி, ஒரு வாரம் லாரித் தண்ணீர் கொடுத்ததும் நோய் அடங்கியது.

அவர் பெயருக்கு நேரே தொழில் கட்டத்தில் நான் இப்படி எழுதினேன்: தினம் இருபது குடம் தண்ணீர் பிடிப்பவர், நூறு நாள் வேலைக்குப் போகிறவர், இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுபவர். மறுநாள் மாவட்ட அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கணினியில் ஏற்றும் பெண் சொன்னார்: "மேடம், அந்தக் கட்டத்துல இவ்வளவு போகாது. லிஸ்ட்ல இருக்குறதுல ஒண்ணு சொல்லுங்க." கடைசியில் 'மற்றவை' என்று போட்டோம். 'இல்லத்தரசி'க்கு அது எவ்வளவோ தேவலை என்று இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம்.

எங்கள் துறையின் ஆதிக்கதை எல்லா மாணவர்களுக்கும் தெரியும். 1854இல் லண்டனில் பிராட் தெருவில் காலரா. 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சாவுகளை வீடு வீடாக விசாரித்து, காரணம் தெருவிலிருந்த அடிபம்பு என்று காட்டினார். செப்டம்பர் 8ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். வகுப்பில் கதை இங்கே முடிந்துவிடும்.

பம்புத் தண்ணீர் எப்படிக் கெட்டது என்பது ஸ்னோவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர் அந்தப் பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். மறு ஆண்டு இறப்புப் பதிவேட்டைப் புரட்டியபோது, பம்புக்கு எதிரே 40ஆம் எண் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை ஒன்று பேதியால் இறந்ததும், அது மற்றவர்களுக்கு முன்பே நோயில் விழுந்திருந்ததும் அவர் கண்ணில் பட்டன. அந்த வீட்டுக்குப் போய், குழந்தையின் தாய் சாரா லூயிஸிடம் கேட்டார். குழந்தையின் துணிகளை வாளியில் ஊறவைத்து அலசி, அந்தத் தண்ணீரை வீட்டு முன்புறத்து மலக்குழியில் ஊற்றியதாக அவர் சொன்னார். தோண்டிப் பார்த்தார்கள். மலக்குழியின் செங்கற்கள் இற்றுப்போய், சில அடி தள்ளியிருந்த கிணற்றுக்குள் கழிவு கசிந்துகொண்டிருந்தது. பம்பின் கைப்பிடியைக் கழற்றிய அதே நாளில் சாராவின் கணவரும் காலராவில் விழுந்தார், பதினோரு நாள் கழித்து இறந்தார். அந்தத் தண்ணீரை மறுபடி குடிக்காமல் ஊர் தப்பியது கைப்பிடியைக் கழற்றியிருந்ததால்தான்.

ஸ்னோவின் வரைபடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் சங்கிலியின் முதல் கண்ணி குழந்தைத் துணி அலசிய ஒரு தாயிடம் இருந்தது. அவரிடம் யாரோ ஒருவர் போய்க் கேட்ட பிறகே அது வெளியே வந்தது. இதை இப்போது நான் வகுப்பெடுக்கும்போது தவறாமல் சொல்கிறேன்.

தாய்மாரிடம் கேட்பதையே ஆய்வாக்கியவர் ஆலிஸ் ஸ்டூவர்ட். 1950களில் பிரிட்டனில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் பெருகியபோது, மருத்துவர்கள் மறந்துபோனதும் தாய்மாருக்கு நினைவிருக்கும் என்று நம்பி, இறந்த குழந்தைகளின் தாய்மாரிடமும், அதே வயதில் நலமாக இருந்த குழந்தைகளின் தாய்மாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கவைத்தார். கர்ப்பத்தில் வயிற்றுக்கு எக்ஸ்ரே எடுத்ததாகச் சொன்னவர்கள், குழந்தையை இழந்த தாய்மாரில் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தார்கள். 1956இல் முதல் முடிவு வெளியானது. துக்கத்தில் இருக்கும் தாய் எதையாவது காரணமாகத் தேடுவாள், அவள் நினைவை நம்ப முடியாது என்று சொன்னார்கள். 1962இல் அமெரிக்காவில் பிரையன் மக்மஹோன் தாய்மாரைக் கேட்காமல் மருத்துவமனைப் பதிவேடுகளை மட்டும் பார்த்தபோதும் எக்ஸ்ரேக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரிந்தது. நினைவுப் பிழை எங்கள் துறையில் உண்மையான சிக்கல்தான், அதை அளக்க முறைகள் உண்டு. அளக்காமலே பெண்களின் வாக்கைத் தள்ளுவதற்கு முறை என்று பேர் கிடையாது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜேனட் லேன்-கிளேப்பன் 1926இல் மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார். நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டு நாங்கள் இன்று செய்யும் ஆய்வுகளுக்கெல்லாம் அது முன்மாதிரி. 1929இல் அவருக்குத் திருமணம் ஆனது. மணமான பெண்களைப் பணியில் வைத்துக்கொள்ளாத காலம் அது. ஆய்வு வாழ்க்கை அதோடு முடிந்துவிட்டது.

நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்து வண்டியேறினால், "அந்த ஊர்ல வேற டாக்டரே இல்லியா?" என்று கேட்பதற்குச் சட்டம் தேவையில்லையே. குழந்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் டெங்கு வந்த ஊருக்குப் போன நாட்கள் எனக்கு உண்டு. அன்று குழந்தையைப் பார்த்துக்கொண்டவள் அம்மா. அவளும் எந்தப் படிவத்திலும் 'இல்லத்தரசி'தான்.

மேசைக்கு வரும் எண்களை யார் கொண்டுவருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. அங்கே இருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர், ஊரார் வாயில் 'நர்சம்மா'. தொட்டியைத் திறந்து கொசுப்புழு தேடுகிறவர்களில் நிறையப் பேர் தினக்கூலிப் பெண்கள். வீடு தேடிப்போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறவர்கள் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள். நாடு முழுக்கப் பத்து லட்சம் 'ஆஷா' பெண்களுக்கு 2022இல் உலக சுகாதார நிறுவனம் விருது கொடுத்தது. அவர்களையும் அரசு 'தன்னார்வலர்' என்றே அழைக்கிறது. சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். 'இல்லத்தரசி' போலவே 'தன்னார்வலர்' என்பதும் செய்கிற வேலையை வேலை என்று சொல்லாமலிருக்க உதவும் சொல். இவர்கள் ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டால் என் கணினியில் எந்த நோயும் தெரியாது. மாவட்டம் ஆரோக்கியமாக இருப்பதுபோல் தோன்றும்.

கேட்காத கேள்விக்குப் பதில் வராது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய சான்று கட்சிரோலி. மகாராஷ்டிராவின் அந்த மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் ராணி பங் குழுவினர் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்கவில்லை, ஊரிலிருந்த பெண்களை அழைத்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் அப்படியொரு பரிசோதனை நடந்திருந்தது நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான். 1989இல் 'லான்செட்' இதழில் இது வந்தபோது, பெண்களின் உடல்நலம் என்றால் கர்ப்பமும் குடும்பக் கட்டுப்பாடும் மட்டும் என்று நினைத்திருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். வெள்ளைப்படுதல், இடுப்புவலி எல்லாம் அந்தப் பெண்களுக்கு அன்றாடம் தெரிந்த விஷயங்கள். எண்ணாக எழுதியிருந்தது யாருமில்லை.

சாவுகளை எண்ணுவதிலும் இதே கதைதான். 'ஸ்டவ் வெடிச்சிடுச்சு' என்ற வாக்கியத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பிராச்சி சங்கவி, கவி பல்லா, வீணா தாஸ் மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், 2001ஆம் ஆண்டு மட்டும் இந்தியாவில் தீயால் இறந்தவர்கள் 1,63,000 பேருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். போலீஸ் கணக்கைப்போல் ஆறு மடங்கு. அதில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15இலிருந்து 34 வயதுக்குள். எந்தக் கிருமியும் இந்த வயதுப் பெண்களை இப்படித் தேர்ந்தெடுத்துக் கொல்வதில்லை. வயதையும் பாலினத்தையும் பிரித்து வைத்ததும், அடுப்பைப் பற்றிய செய்தி குடும்பத்தைப் பற்றிய செய்தியாக மாறிவிட்டது.

எங்கள் மாவட்டத் தாய் மரணத் தணிக்கைக் கூட்டம் ஒன்றில் இது என் முன்னால் வந்து நின்றது. கர்ப்ப காலத்திலோ, பிரசவம் முடிந்து 42 நாட்களுக்குள்ளோ ஒரு பெண் இறந்தால் அது தாய் மரணம். ஆனால் விபத்தாகவோ, கர்ப்பத்தோடு தொடர்பில்லாமல் எதேச்சையாகவோ நேர்ந்த சாவைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அன்று வந்த தாளில் ஒரு பெண் இருந்தாள். வயது 23. இரண்டாவது பெண்குழந்தை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் தற்கொலை. திருமணமாகி ஏழாண்டு ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணை நடந்துகொண்டிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் 'எதேச்சை' என்று எழுதியிருந்தது. மேசையின் தலைமாட்டிலிருந்தவர், "இது போலீஸ் கேஸ், நம்ம கணக்குல வராது. அடுத்தது" என்றார்.

நர்சம்மாவின் பதிவேட்டை நான் முந்தின நாளே வாங்கிப் பார்த்திருந்தேன். பதினான்காம் நாள் வீட்டுக்குப் போனபோது ரத்த அழுத்தம், தையல், தாய்ப்பால் எல்லாம் கட்டம் கட்டமாக நிரப்பியிருந்தார். ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, பென்சிலில் ஒரு வரி: "தூங்குவதில்லை. அழுகிறாள். குழந்தையைப் பார்க்க மறுக்கிறாள்." எழுத இடமில்லாததால் அவர் ஓரத்தில் எழுதியிருந்தார். நோயறிதல் அங்கேயே இருந்தது.

நான் எழுந்து சொன்னேன். உலக சுகாதார நிறுவனம் 2012இலேயே கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் நேரும் தற்கொலைகளை நேரடித் தாய் மரணங்களோடு சேர்க்கச் சொல்லிவிட்டது என்றேன். பென்சில் வரியைப் படித்துக் காட்டினேன். "இதைச் சேர்த்தா நம்ம மாவட்ட ரேட் என்ன ஆகும்னு தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார்கள். தெரியும், அதற்காகத்தான் சேர்க்கச் சொல்கிறேன் என்றேன். ஒரு மணி நேரம் பேசினோம். என் கருத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். விகிதத்தில் அந்தச் சாவைச் சேர்க்கவில்லை.

ரத்தப்போக்கால் இறந்தால் ரத்த வங்கி எங்கே, ஆம்புலன்ஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று ஒவ்வொரு நிமிடத்தையும் கேட்கிறோம். அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தமிழ்நாட்டில் தாய் மரணம் குறைந்தது. 2018-20 கணக்குப்படி லட்சம் உயிர்ப் பிறப்புக்கு நாட்டில் 97, இங்கே 54. எண்ணியதால் கேட்டோம், கேட்டதால் காப்பாற்றினோம். எண்ணாத சாவுக்கு யாரும் எதையும் கேட்பதில்லை. அந்த 23 வயதுப் பெண்ணுக்காக ஒரு மணி நேரம் கேட்டது அந்த ஒரு கூட்டத்தில்தான். அதன் பிறகு எங்கள் பகுதி நர்சம்மாக்கள் பிரசவித்த பெண்களிடம் இரண்டு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்கிறார்கள்: ராத்திரி குழந்தை தூங்கும்போது நீ தூங்குகிறாயா? மனசு எப்படி இருக்கிறது? பதில்களை எழுத ஒரு தனி நோட்டு வைத்திருக்கிறோம். அதற்கு அரசாணை எதுவும் இல்லை.

எண்ணினால் மட்டும் நல்லது நடந்துவிடும் என்றும் நான் நம்பவில்லை. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தது சென்னை மருத்துவக் கல்லூரியில் இரண்டு பெண்கள்: பேராசிரியர் சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த ரத்த மாதிரிகளை நிர்மலா தன் வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்திருந்து வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று இருந்தது. கையில் வசதியே இல்லாமல் செய்த அந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமை. ஆனால் எதற்கான சோதனை என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை என்பதை நிர்மலாவே பின்னாளில் பேட்டியில் கூறியிருக்கிறார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. அடுத்த சில ஆண்டுகளில், தொற்று இருக்கிறது என்பதற்காகவே காப்பகத்தில் அடைத்துவைக்கப்பட்ட பெண்களை விடுவிக்கப் பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

யாரை முதலில் சோதித்தோமோ அவர்களுடைய நோயாக அது பேரெடுத்துவிட்டது. வாடிக்கையாளர்களை யாரும் வரிசையில் நிறுத்திச் சோதிக்கவில்லை. பிறகு சுனிதி சாலமனின் குழுவே சென்னையில் தொற்றுக்கு உள்ளான பெண்களைப் பற்றி எழுதியது. அவர்களில் பெரும்பான்மையினர் வாழ்நாளில் ஒரே ஆணோடு, அதாவது கணவரோடு மட்டும், உறவு கொண்டவர்கள். அவர்களுக்கு நேரே தொழில் கட்டத்தில் என்ன எழுதியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நோயைப் பொறுத்தவரை அவர்களுடைய ஆபத்துக் காரணி கல்யாணம். அப்படியொரு கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

ஆகவே ஒரு பெண்ணின் பெயரைப் பட்டியலில் எழுதும்போது எனக்கு இரண்டு கடமைகள் இருக்கின்றன. அவள் உடம்பு எதையெல்லாம் சந்திக்கிறது என்று முழுமையாகக் கேட்டு எழுத வேண்டும். எழுதியது அவளுக்கு எதிராகத் திரும்பாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊர் பெயரோடு, தெரு பெயரோடு, சாதி தெரியும்படி அறிக்கை வெளியே போனால் அந்தத் தெருப் பெண்கள் மறுநாள் பொதுக்குழாயில் என்ன பேச்சைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். மாமியார் பக்கத்தில் நிற்கும்போது கேட்கக் கூடாத கேள்விகள் உண்டு. அவற்றுக்காகத் "தண்ணிக் குழாயக் காட்டும்மா" என்று அவளைத் தெருக்கோடிவரை நடத்திப்போக வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் யாருக்காவது இந்த வேலை பிடித்திருந்தால், வழிகள் இருக்கின்றன. மருத்துவம் படித்தவர்கள் மட்டும் வரும் துறை இல்லை இது. செவிலியம், புள்ளியியல், சமூகவியல், கால்நடை மருத்துவம் படித்தவர்களும் வருகிறார்கள். சென்னை அயப்பாக்கத்தில் இதற்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. கணக்கு வேண்டும், ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. வெயிலில் நடக்கத் தெரிய வேண்டும். கழிப்பறை இல்லாத ஊர்களில் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகாதீர்கள். சிறுநீர்த் தொற்று வரும், எங்களில் பலருக்கு வந்திருக்கிறது.

வேலைக்கு வந்ததும் உங்கள் கையில் அச்சிட்ட படிவம் ஒன்றைக் கொடுப்பார்கள். தொழில் கட்டத்துக்கு வரும்போது "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்காதீர்கள், "சும்மாதான் இருக்கேன்" என்றுதான் பதில் வரும். "காலையில எந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் என்னென்ன செஞ்சீங்க, நேத்து நாளச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அதைக் கேட்டு முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். எழுதக் கட்டத்தில் இடம் போதாது. தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதுங்கள்.